வெயிலும் வினையூக்கியும் உண்டு; வரம்புதான் இல்லை

ஹைதராபாத்தை ஒட்டியுள்ள பட்டன்சேரு, மருந்து மூலப்பொருள் ஆலைகள் நெருக்கியடித்து நிற்கும் தொழில் பகுதி. ஏறத்தாழ 90 ஆலைகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அங்கே உண்டு. அந்த நிலையத்திலிருந்து ‘சுத்திகரிக்கப்பட்டு’ வெளியேறிய நீரைச் சோதித்த ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் யோக்கிம் லார்சனின் குழு, 2007இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த ஆன்டிபயாட்டிக்கை மாத்திரையாக விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு அடர்த்தி இருக்காது. நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ மருந்து அந்த ஒரு நிலையத்திலிருந்து வெளியேறியதாகக் குழு கணக்கிட்டது. அன்றைக்கு 90 லட்சம் மக்கள் வாழ்ந்த ஸ்வீடன் நாடு முழுவதும் 5 நாட்களில் உட்கொள்ளும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அது சமம்.

2009இல் வந்த அடுத்த ஆய்வு, சுற்றியுள்ள ஏரிகளையும் கிணறுகளையும் பார்த்தது. ஏரி நீரில் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசினும், 1.2 மில்லிகிராம் வரை சளி, ஒவ்வாமைக்குத் தரும் செட்டிரிசினும் இருந்தன. கிராமத்துக் கிணறுகளிலும் மருந்துகள் இறங்கியிருந்தன. அந்த மக்களில் யாரும் மருந்துச் சீட்டு கேட்கவில்லை. நோய் இல்லாத குழந்தையும் கறவை மாடும் நெல்வயலும் மருந்தை வாங்கிக்கொண்டிருந்தன. ஆலைக் கழிவு கலந்த ஓடைகள் மஞ்சீராவிலும், மஞ்சீரா கோதாவரியிலும் சேர்கின்றன.

லிட்டரில் சில மில்லிகிராம்தானே என்று தோன்றலாம். பாக்டீரியாக்களின் உலகில் அது வெள்ளம். சிப்ரோஃப்ளாக்சசினை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்கள் மற்றவற்றை முந்திப் பெருகத் தொடங்கிவிடும் அளவென, லிட்டருக்கு ஏறத்தாழ 0.06 மைக்ரோகிராமை ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பட்டன்சேருவில் கண்ட உச்ச அளவு அதைப் போல் ஏறக்குறைய 5 லட்சம் மடங்கு. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ‘தி லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த மரணங்களுக்கெல்லாம் ஆலைக் கழிவைக் காரணம் காட்ட முடியாது. தேவையில்லாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளும் கோழிப் பண்ணைகளும் பெரும் பங்கு வகிக்கின்றன. ஆனாலும் கோடிக்கணக்கானோரின் பழக்கத்தை மாற்றுவதைவிட, சில நூறு ஆலைகளின் கழிவுக் குழாய்களைக் கவனிப்பது எளிது. எளிதாகச் செய்யக்கூடியதைக்கூட நாம் செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ்நாட்டு வாசகர் இதை அண்டை மாநிலத்துச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். சென்னை ஐஐடியில் லிஜி பிலிப் தலைமையிலான குழு, காவிரியில் 22 இடங்களில் நீரை எடுத்துச் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டது. வலிநிவாரணிகளான ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால், வலிப்புக்கான கார்பமாசெபின், கூடவே சிப்ரோஃப்ளாக்சசினும் இருந்தன. காவிரியில் கார்பமாசெபின் இருப்பதை 2011இலேயே ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரையின் ஒரு பகுதி உடலில் மாறாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. அங்கிருந்து பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம், ஆறு. 104 நாடுகளில் 258 ஆறுகளைச் சோதித்து 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, நீர் எடுத்த இடங்களில் கால் பங்குக்கும் மேல் ஏதேனும் ஒரு மருந்து, பாதுகாப்பானதெனக் கருதப்படும் அளவைத் தாண்டியிருந்தது.

ஆக, மருந்து இரண்டு வழிகளில் நீருக்கு வருகிறது. ஒன்று, ஊர் முழுவதும் பரவி, மிக நீர்த்து வருவது. மற்றொன்று, ஆலையின் குழாயிலிருந்து அடர்த்தியாக வருவது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் தீர்வும் குழம்பிப்போகும். பின்னால் இதற்கு வருகிறேன்.

நம்முடைய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துகளுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. காற்றை ஊதி, பாக்டீரியாக்களை வளர்த்து, மனிதக் கழிவை அவற்றுக்கு உணவாக்குவதுதான் அங்கே நடக்கும் வேலை. மலத்தையும் சோப்பையும் எண்ணெயையும் தின்னும் பாக்டீரியா, கார்பமாசெபினைத் தொடுவதில்லை. அந்த மருந்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் குறைவதில்லை. ஆன்டிபயாட்டிக் வந்தாலோ கதை இன்னும் மோசம். சுத்திகரிக்க வேண்டிய பாக்டீரியாவையே அது கொல்கிறது. கொல்லாமல் விட்டவற்றை எதிர்ப்பாற்றல் உள்ளவையாகத் தேர்ந்தெடுக்கிறது. பட்டன்சேரு நிலையத்தில் பாக்டீரியா நன்றாக வேலை செய்யட்டும் என்று வீட்டுக் கழிவுநீரையும் சேர்த்துக் கலந்தார்கள். மனிதக் குடலிலிருந்து வந்த கிருமிகளும் அடர்த்தியான ஆன்டிபயாட்டிக்கும் ஒரே தொட்டியில் சந்தித்தன. எதிர்ப்பாற்றலை வளர்ப்பதற்கு இதைவிடத் தோதான இடத்தைத் திட்டமிட்டே கட்டினாலும் அமைக்க முடியாது.

வடிகட்டினால் என்ன? எதிர்ச் சவ்வூடுபரவல் முறை மருந்துகளைப் பெருமளவு பிடித்துவிடும். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை அந்த முறையில் தூய்மையாக்கி 2019 முதல் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள், நல்ல முன்னேற்றம். ஆனால், சவ்வு தடுத்த மருந்து எங்கும் போய்விடுவதில்லை. ஒதுக்கப்படும் செறிந்த நீரில் அது சேர்கிறது. கரித்தூளில் உறிஞ்சினால் கரியில் தங்குகிறது. வடிகட்டுவது வேறு, அழிப்பது வேறு. மருந்து மூலக்கூறை உடைத்து, முடிந்தால் கரியமில வாயுவும் நீருமாக ஆக்கிவிடும் முறைகளை நாம் தேட வேண்டியிருக்கிறது. ஒளியால் இயங்கும் வினையூக்கி இங்கேதான் வருகிறது.

இதன் தொடக்கம் டோக்கியோவில். 1972இல் அகிரா ஃபுஜிஷிமாவும் அவருடைய பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வெள்ளை பெயின்டுக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடை மின்முனையாக நீரில் வைத்து ஒளி பாய்ச்சினால், நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்றார்கள். எரிபொருளைத் தேடியவர்களின் கண்டுபிடிப்பு சில ஆண்டுகளிலேயே கழிவுநீர் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. நச்சான குளோரின் சேர்மங்களையும் சயனைடையும் அதே பொருளும் ஒளியும் உடைக்கும் என்று 1970களின் பிற்பகுதியிலேயே காட்டிவிட்டார்கள்.

நடப்பது இதுதான். போதிய ஆற்றலுள்ள ஒளி டைட்டானியம் டை ஆக்சைடு துகளின் மீது விழும்போது, அதற்குள் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டு மேலே தாவுகிறது. அது விட்டுச்சென்ற இடம் ஒரு மின்துளை. எலக்ட்ரானுக்காக ஏங்கும் அந்தத் துளை, துகளின் மேல் ஒட்டியிருக்கும் நீரிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. விளைவு, ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதியே உயிர்வாழும் உக்கிரமான துண்டு. அருகில் எந்தக் கரிம மூலக்கூறு இருந்தாலும் அதைத் தாக்கி உடைக்கும். தாவிய எலக்ட்ரான் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பற்றி இன்னும் சில தாக்கும் துண்டுகளை உருவாக்கும். வினையூக்கி தீர்ந்துபோவதில்லை; ஒளி இருக்கும்வரை அதே துகள் மீண்டும் மீண்டும் வேலை செய்யும். பாக்டீரியா தொடாத கார்பமாசெபினும் இதற்குத் தப்பாது.

இவ்வளவு அருமையான ஒன்று ஏன் நம் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இல்லை? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். ஆய்விதழ்களில் ஒளிவினையூக்கி பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் குவிகின்றன. ‘ஒரு மணி நேரத்தில் 98 விழுக்காடு நீக்கம்’ என்ற வகைத் தலைப்புகளைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டே ஆறுகள் தூய்மையாகிவிடும் என்று நம்புவது தவறு.

முதல் தடை ஒளியிலேயே இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடைத் தூண்ட ஏறக்குறைய 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளி தேவை. நம்மைச் சுடும் வெயிலில் அந்தப் பகுதி 4 முதல் 5 விழுக்காடுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும் பொருட்களைத் தேடியதில் கிடைத்தவற்றுள் முக்கியமானது கிராஃபைட் வடிவக் கார்பன் நைட்ரைடு. மெலமினையோ யூரியாவையோ சூடுபடுத்தினால் கிடைத்துவிடும் இந்த மஞ்சள் தூள், ஏறத்தாழ 460 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பயன்படுத்திக்கொள்கிறது. விலை மலிவு என்பதால் இதன் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால், எந்தப் பொருளானாலும் இரண்டாவது தடை உண்டு. தாவிய எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்யாமல் கணப்பொழுதில் தம் துளைக்கே திரும்பி விழுந்துவிடுகின்றன. ஒளியில் பெரும்பங்கு வெறும் வெப்பமாக வீணாகிறது. வெவ்வேறு பொருட்களை ஒட்டவைத்து எலக்ட்ரானையும் துளையையும் பிரித்து வைப்பதற்கே இந்தத் துறையின் உழைப்பில் பாதி செலவாகிறது.

மூன்றாவது தடைதான் ஆய்வகத்தையும் சாக்கடையையும் பிரிக்கிறது. ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்கு ஆள் பார்த்துத் தாக்கத் தெரியாது. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் மருந்தை மட்டும் கரைத்துச் சோதிக்கிறார்கள். உண்மையான கழிவுநீரிலோ பைகார்பனேட், குளோரைடு, மட்கிய கரிமப் பொருட்கள் எல்லாம் மருந்தைவிடப் பல்லாயிரம் மடங்கு இருக்கும். கல்யாணப் பந்தியில் அழைக்காதவர்கள் முதலில் உட்கார்ந்து இலையைக் காலிசெய்துவிட, அழைத்த விருந்தாளி வாசலிலேயே நிற்பதைப் போல, ரேடிக்கல்கள் வேறெதற்கோ செலவாகிவிட்டு மருந்து அப்படியே நிற்கும். கலங்கல் நீரில் ஒளி சில சென்டிமீட்டர்கூட இறங்குவதில்லை. நானோ தூளை நீரில் கலந்தால் அதைத் திரும்ப வடித்தெடுக்க வேண்டும். கண்ணாடியிலோ பீங்கானிலோ பூசி வைத்தால் நீர் தொடும் பரப்பு குறைகிறது. இத்தனைக்கும் பல ஆய்வுகள் மருந்தையே எடுத்துக்கொள்வதில்லை. மெத்திலின் நீலச் சாயம் வெளுப்பதைக் காட்டி முடித்துவிடுகின்றன. அந்தச் சாயம் தானே ஒளியை உறிஞ்சும் என்பதால், அது வெளுத்ததை வைத்து வினையூக்கியின் திறமையைச் சொல்லிவிட முடியாது.

இதற்கெல்லாம் விலை மின்கட்டணத்தில் தெரியும். நீரிலுள்ள மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகிறது என்று வெவ்வேறு முறைகளை ஒப்பிட்டு, 2018இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். ஓசோனுக்கும், புற ஊதா விளக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த முறைக்கும் ஒரு யூனிட்டுக்குக் குறைவு. புற ஊதா விளக்கால் இயங்கும் ஒளிவினையூக்கிக்கு 100 யூனிட்டுக்கு மேல். எந்த நகராட்சியும் இந்தச் செலவைத் தாங்காது. ஊர்க் கழிவுநீருக்கு விளக்கெரித்து ஒளிவினையூக்கியை நாடுவது இன்றைய நிலையில் வீண் என்றே நான் கருதுகிறேன். சுவிட்சர்லாந்து அதைச் செய்யவில்லை. 2016 முதல் தன் முக்கியமான சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனையும் கரித்தூளையும் படிப்படியாக நிறுவி, நுண்மாசுகளில் 80 விழுக்காட்டை நீக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. செலவுக்காக ஆளுக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை வசூலிக்கிறது.

அப்படியானால் ஒளிவினையூக்கியை மூட்டைகட்டிவிடலாமா? கூடாது. விளக்குக்குப் பதிலாகச் சூரியன் என்றால் கணக்கு மாறுகிறது. ஊருக்குப் பதிலாக ஆலை என்றால் இன்னும் மாறுகிறது.

ஸ்பெயினின் தென்கிழக்கில், அல்மேரியா மாகாணத்தின் வறண்ட தபெர்னாஸ் நிலத்தில் ஒரு சூரிய ஆற்றல் ஆய்வு மையம் இருக்கிறது. வளைந்த அலுமினியப் பிரதிபலிப்பான்களின் நடுவே கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, அவற்றினூடே கழிவுநீரை ஓடவிட்டுப் பல ஆண்டுகளாக அங்கே சோதிக்கிறார்கள். அவர்கள் அதிகம் நம்புவது டைட்டானியத்தையல்ல, இரும்பை. 1894இல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கில வேதியியலாளர், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப் பொருளைக் கடுமையாக ஆக்சிஜனேற்றும் என்று கண்டார். அதன் மேல் வெயில் பட்டால், செயலிழந்த இரும்பை ஒளி மீட்டெடுத்து மறுபடி வேலைக்கு அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியும் இதற்குப் பயன்படும். நீரை முதலில் அமிலமாக்க வேண்டும், பின்னர் நடுநிலைப்படுத்த வேண்டும், இரும்புக் கசடு மிஞ்சும் என்ற குறைகள் உண்டு.

அந்த மையம் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வை மருந்துத் துறையில் உள்ளவர்கள் படிக்க வேண்டும். எடுத்துக்கொண்டது மருந்து ஆலை ஒன்றின் உண்மையான கழிவுநீர். அதில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நாலிடிக்சிக் அமிலம் இருந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தின் மூதாதை அது. பாக்டீரியாவால் தின்ன முடியாத அந்த நீரை முதலில் வெயிலிலும் இரும்பிலும் ஓடவிட்டு, மருந்து முழுவதும் அழிந்த பிறகு உயிரியல் தொட்டிக்கு அனுப்பினார்கள். மிச்சத்தைப் பாக்டீரியா தின்றுவிட்டது. பட்டன்சேருவில் அளந்த 31 மில்லிகிராமைவிட அதிகமான அடர்த்தியில், அதே குடும்பத்து மருந்தை, வெயிலைக் கொண்டு அழிக்க முடிந்திருக்கிறது. தெலங்கானாவின் வெயிலோ தமிழ்நாட்டின் வெயிலோ இதற்குப் போதாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆலையின் குழாய் ஏன் சரியான இடம்? நீரின் அளவு குறைவு. எந்த மருந்து வருகிறதென்று முன்கூட்டியே தெரியும்; அதற்கேற்ற வினையூக்கியைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற ஆலைகளின் கழிவோடும் வீட்டுச் சாக்கடையோடும் கலப்பதற்கு முன்பே பிடித்துவிடலாம். ஆற்றில் கலந்த பிறகு ஒரு மில்லிகிராமைத் தேடிப் பிடிக்க ஆகும் செலவில், ஆலை வாசலில் கிலோ கணக்கில் அழிக்கலாம். புற்றுநோய் மருந்துகளும் ஆன்டிபயாட்டிக்குகளும் செறிந்து வெளியேறும் பெரிய மருத்துவமனைகளுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். மருந்து மறைந்தது என்று சொல்வது போதாது. அது என்னவாக மாறியது என்று கேட்க வேண்டும். கார்பமாசெபின் ஒளியில் சிதையும்போது அக்ரிடின் என்ற, மருந்தைவிடக் கூடுதல் நச்சுள்ள பொருள் உருவாகக்கூடும். பாதி வழியில் நிறுத்திவிட்டால் தெரிந்த மாசைத் தெரியாத மாசாக மாற்றியதாகிவிடும். எனவே, நீரில் மொத்தக் கரிமம் எவ்வளவு குறைந்தது, பாக்டீரியாவையும் மீனையும் அது இன்னும் பாதிக்கிறதா என்று பார்க்காத எந்த ‘98 விழுக்காட்டையும்’ ஏற்கக் கூடாது. ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்புகள், உண்மையான கழிவுநீரில் சோதிக்காத திட்டங்களுக்குப் பணம் தருவதைக் குறைத்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

தொழில்நுட்பம் இப்படி அரைக்கிணறு தாண்டி நிற்கும்போது, அதை மறுகரை சேர்க்க வேண்டியது சட்டம். அந்த வாய்ப்பு நம் கைக்கு வந்து நழுவியது. ஆலைக் கழிவுநீரில் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு உச்ச வரம்பு விதிக்கும் வரைவு அறிவிக்கையை 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. அப்படியொரு விரிவான பட்டியலை முன்வைத்ததற்காக உலகமே நம்மைத் திரும்பிப் பார்த்தது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. இந்த ஒரு விடுபடல், நூறு ஆய்வகங்களின் உழைப்பைவிடக் கனமானது. வரம்பே இல்லாத ஒன்றை நீக்குவதற்கு எந்த ஆலை செலவு செய்யும்?

சட்டம் அழுத்தினால் தொழில்நுட்பம் வரும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு கெடுத்த வழக்கில், கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. வேலையிழப்பும் கடனும் பலரை வாட்டின; அந்த வலியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால், முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட மறுசுழற்சி, இன்று அந்த ஊரின் அன்றாட நடைமுறை. உள்ளாடையும் டி-ஷர்ட்டும் செய்யும் ஊரால் முடிந்தது, மருந்து செய்யும் ஆலைகளால் முடியாதா?

விலை ஏறிவிடும், சீனாவுடன் போட்டியிட முடியாது என்பது ஆலைகளின் வாதம். மலிவு மருந்து ஏழைகளின் உயிர்காப்பு என்பதால் இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. அதற்காக, பட்டன்சேரு கிணற்றடிக் குடும்பங்கள் அந்த மலிவுக்கான விலையைத் தம் உடலால் கட்ட வேண்டும் என்பதை ஏற்க முடியாது. வாங்குபவர்களும் மாறிவருகிறார்கள். நார்வே, மருத்துவமனைகளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கும் ஒப்பந்தங்களில் சுற்றுச்சூழல் தகுதியையும் மதிப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவுநீர் விதி 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புக்கான செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்கிறது அது. ஆன்டிபயாட்டிக் ஆலைக் கழிவுக்கென உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் முதல் முறையாக வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது. தயங்கி நின்றால் சந்தையும் கைவிட்டுப் போகும்.

தில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மத்திய அரசு நிர்ணயித்ததைவிடக் கடுமையான வரம்புகளை விதிக்கும் அதிகாரத்தை, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கே தந்திருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டம் ஆலத்தூரில் மருந்து ஆலைகளுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. சென்னையில் ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆன்டிபயாட்டிக் எச்சங்களுக்கு வரம்பு அறிவித்து, அதை எட்ட ஒரு காலக்கெடுவும் தர வேண்டும். வெயிலில் இயங்கும் ஒரு மாதிரி நிலையத்தை அரசும் ஆலைகளும் பாதிப் பாதிச் செலவில் அங்கே நிறுவ வேண்டும். வெளியேறும் நீரில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்ற அளவீட்டை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வாரியத்தின் ஓர் அறிவிக்கை போதும்.